குறுக்கிடாத கை

2025 நவம்பர் 14, வெள்ளிக்கிழமை, முற்பகல் பதினொன்று இருபது. வடகிழக்குக் காற்றோடு தூறல். முத்தையாபுரத்தை அடுத்த ஒரு கண்டெய்னர் யார்டின் அலுவலகத்தில், தானியங்கி லாரிச் சோதனைக்குப் பொறுப்பாளரான தேவபிரசாதம் அந்தக் காணொளியை மறுபடியும் ஓடவிட்டார்.

சென்ற வாரம் இதே போன்ற தூறலில், தானாக ஓடும் லாரி வளைவில் நின்ற ஆளைக் கண்டுகொள்ளத் தவறியது. ஓட்டுநர் வண்டியைத் தன் கைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதற்கான மணி அலறியது. இருக்கையில் இருந்த ரோச் ஸ்டியரிங்கைப் பிடிப்பதற்குள், கண்டெய்னர் பூட்டும் இசக்கியப்பனின் வலக்கால் சக்கரத்தில் நசுங்கிவிட்டது.

காணொளியில் ரோச்சின் கண்கள் பாதையில்தான் இருந்தன. கைகள் மடியில் இருந்தன, விரல்களில் செபமாலை.

மேலிடத்துக்கு அதுவே போதுமானதாயிற்று. ஓட்டுநரின் கவனக்குறைவு, பணிநீக்கம் என்ற தீர்மானம் தட்டச்சாகி, தேவபிரசாதத்தின் கையொப்பத்துக்காக மேசையில் கிடந்தது. ரோச்சை அவர்தான் வரவழைத்திருந்தார்.

"உக்காருலே. கண்ணு முழிச்சித்தான இருந்த? ஆளு நிக்கது தெரியலியா?"

"தெரிஞ்சிது சார். மணி அடிக்க முன்னாடியே பாத்துட்டேன்."

"பொறவு?"

"வண்டி தானா நிப்பாட்டிரும்னு இருந்தேன். போன மாசம் நாய் குறுக்க ஓடுனப்ப நான் ஸ்டியரிங்கப் பிடிச்சேம்லா? அன்னைக்கு நீங்க என்ன சொன்னிய?"

தேவபிரசாதம் மறந்திருக்கவில்லை. ஓட்டுநர் குறுக்கிடும் ஒவ்வொரு முறையும் சோதனைக்குத் தோல்வியாகவே பதிவாகும்; தோல்விகள் கூடினால் சோதனையே நின்றுவிடும். அந்த எரிச்சலில், எல்லார் முன்னிலையிலும், செபமாலையும் மாதா வணக்கமும் இல்லாத புராட்டஸ்டன்ட் சபையைச் சேர்ந்த நாசரேத்துக்காரரின் எகத்தாளத்தோடு அவர் சொன்னது இது: "ஏலே ரோச், வண்டி ஒன்னவிட நல்லா ஓட்டுது. கை சும்மா இருக்காதுன்னா செபமாலையப் பிடிச்சிக்கிட்டு மாதாகிட்டப் பேசு. ஸ்டியரிங்குப் பக்கம் போவாத." யார்டே சிரித்தது. அவரும் சிரித்தார்.

"இத ஏம்ல விசாரணையில சொல்லல?"

"எல்லாரும் கேட்டதுதான சார். நீங்களே சொல்லுவியன்னு இருந்துட்டேன்."

தேவபிரசாதமும் ஒரு வாரமாகக் காத்துத்தான் இருந்தார். வேறு எவரேனும் சொல்லிவிடுவார்களோ என்று அஞ்சிக்கொண்டு.

"இசக்கியப்பனப் போயிப் பாத்தியா?"

"நேத்துப் பாத்தேன். 'ஒங்க மாதாகிட்டச் சொல்லி எனக்கு ஒரு காலு வாங்கித்தாலே'ன்னு சிரிக்கான் சார்." ரோச் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அடித்தல் திருத்தல் உள்ள தாள் எதுவும் தேவபிரசாதத்தின் மேசையைத் தாண்டியதில்லை. அவர் பேனாவைத் திறந்து, 'ஓட்டுநரின் கவனக்குறைவு', 'பணிநீக்கம்' ஆகிய இரண்டையும் அடித்தார். 'குறுக்கிடக் கூடாது என ஓட்டுநருக்கு நான் இட்ட கட்டளையே காரணம்' என்று மேலே எழுதினார். கையொப்பமிட்டார்; தேதியும் இட்டார்.

ரோச் எட்டிப் பார்த்தான். "சார், ஒங்க வேலையே போயிருமே."

"மேனேஜர்ட்ட நீயே கொண்டு குடு. வழியில நான் கூப்பிட்டாலும் நிக்காத" என்று சொல்லி, தீர்மானத்தை அவன் கையில் கொடுத்தார்.