இருநூற்றுப் பதினான்காம் பக்கம்

யாராவது "படிக்க நல்லதா ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டுவிட்டால் போதும், எனக்குத் தலைகால் புரியாது. திங்கட்கிழமை மத்தியானம் எங்கள் கடை முதலாளியம்மா கேட்டார். பையிலிருந்த தடித்த நாவலை எடுத்து நீட்டிவிட்டேன். எழுபதாம் பக்கம் வரை கொஞ்சம் இழுக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று உபதேசம் வேறு. நான் சொல்லி ஒருவர் ஒரு புத்தகத்தைத் திறக்கிறார் என்றால் அன்றைக்கு எனக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

சாயங்காலம் பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் இருநூற்றுப் பதினான்காம் பக்கம் நினைவுக்கு வந்தது.

எனக்கு டைரி எழுதும் பழக்கம் இல்லை. புத்தகத்தின் ஓரம்தான் என் டைரி. எந்த வரியைப் படிக்கும்போது என்ன நடந்ததோ, அதை அந்த வரிக்குப் பக்கத்திலேயே பென்சிலால் எழுதிவிடுவேன். மழை, பல்வலி, அம்மாவோடு சண்டை, எல்லாம் ஏதாவது ஒரு கதையின் ஓரத்தில் இருக்கும். பின்னால் எடுத்துப் புரட்டினால் கதையும் கிடைக்கும், அந்த நாளும் கிடைக்கும். இந்தச் சுகம் தெரியாதவர்கள் என்னைப் புத்தகத்தைக் கெடுப்பவள் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அந்தப் பக்கத்தில் நான் எழுதியிருந்தது இது: "ரெண்டு சீட்டையும் மாத்தி வச்சது நான்தான். பழி சின்னக்கா மேல. நான் வாயே திறக்கலை."

நான் வேலை பார்ப்பது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில். ஒவ்வொரு வாடிக்கையாளரின் லென்சும் ஒரு நீலத் தட்டில் வரும். அவர் பேரும் பவரும் எழுதிய சீட்டு அதன்மேல் இருக்கும். நான் சரிபார்த்துத் தட்டை நகர்த்த, பக்கத்து மெஷினில் சின்னக்கா லென்சை வெட்டி ஃப்ரேமில் பொருத்துவாள். என்னைவிட ஆறு வயது மூத்தவள். எனக்குப் 'புழு' என்று பேர் வைத்தவளும் அவள்தான்.

மூன்று வாரத்துக்கு முன் ஒருநாள், மடியில் இந்த நாவலை விரித்துவைத்து, ஒரு கண் கதையிலும் ஒரு கண் தட்டிலுமாக வேலை செய்தேன். இரண்டு தட்டின் சீட்டுகளும் இடம் மாறிப்போயின. அப்படித் தயாரான கண்ணாடியைப் போட்டுக்கொண்ட பாட்டு டீச்சர் ஒருவர், மாடிப்படியில் கால் தவறி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். கடைசியாகக் கையெழுத்துப் போட்டது சின்னக்கா. "எப்படி ஆச்சுன்னே தெரியலைம்மா" என்று அவள் அழுதாள். அவளை மெஷினிலிருந்து எழுப்பி, முன்பக்கம் அலமாரி துடைக்க விட்டார்கள். வேலையில் வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று சனிக்கிழமை சொல்வதாக முதலாளியம்மா சொல்லியிருந்தார். அவள் வீட்டில் சம்பாதிப்பது அவள் ஒருத்திதான்.

எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் கல்லுளிமங்கி மாதிரி இருந்தேன்.

முதலாளியம்மா சாப்பாட்டு நேரத்தில் தன் கண்ணாடித் தடுப்பறையில் உட்கார்ந்து படிப்பார். நிறுத்திய இடத்தில் ஒரு சிவப்பு நாடாவை வைப்பார். என் மேசையிலிருந்து பார்த்தால் அந்த நாடா தெரியும். செவ்வாய்க்கிழமை அது முன் அட்டையை ஒட்டியே இருந்தது. புதன்கிழமை நன்றாக உள்ளே போயிருந்தது.

"நீ சொன்னது சரிதான். எழுபதுக்கு மேல கீழ வைக்கவே முடியலை" என்றார். வேறு புத்தகமாக இருந்தால் துள்ளிக் குதித்திருப்பேன். "ஓரத்துல என்னடி கிறுக்கி வச்சிருக்கே? கண்ணாடி போட்டும் பாதிதான் புரியுது. பல்வலி சரியாப் போச்சா?"

கதையோடு சேர்த்து என்னையும் படித்துக்கொண்டிருக்கிறார்!

வியாழக்கிழமை துணிந்து கேட்டேன். "அம்மா, அந்தப் புத்தகம் ஒருநாள் வேணும். ஒரு இடம் பார்த்துட்டுத் தந்துடறேன்."

"நடுவுல பிடுங்கறியா? கொலை விழும். முடிச்சிட்டுத்தான் தருவேன்."

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு அவர் பாங்க் வரை போனார். நான் ரப்பரைக் கைக்குள் பொத்திக்கொண்டு அவர் அறைக்குள் நுழைந்தேன். அந்த நேரத்தில் சின்னக்காவைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. என் வேலை, என் பேர், அவ்வளவுதான் மனசில் இருந்தது.

நாடா நூற்றுத் தொண்ணூற்றெட்டில் இருந்தது. இன்னும் பதினாறு பக்கம். இன்றைய சாப்பாட்டு நேரமே போதும். இருநூற்றுப் பதினான்கைத் திறந்து அழிக்கத் தொடங்கினேன். 'ரெண்டு' போயிற்று. 'சீட்டையும்' போயிற்று. அழுத்தி எழுதித் தொலைத்திருந்தேன், லேசில் போகவில்லை. ரப்பர் தூளை ஊதும்போது பக்கத்திலிருந்த அச்சு வரி கண்ணில் பட்டது. கதாநாயகி கிணற்றடியில் உட்கார்ந்து அந்தத் தகரப் பெட்டியைத் திறக்கப் போகிறாள். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். இரண்டு தடவை படித்த கதை. இருந்தாலும் ஒரே ஒரு வரி என்று குனிந்தேன். பக்கம் திரும்பியது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததுகூட எனக்குத் தெரியாது.

"ஏ புழு!"

தூக்கிவாரிப் போட்டது. துடைக்கும் துணியோடு சின்னக்கா நின்றுகொண்டிருந்தாள்.

"படிக்கறதுக்கு வேற இடமே கிடைக்கலையா உனக்கு? அம்மா தெருமுனைக்கு வந்தாச்சு. எழுந்து ஓடு!"

"அக்கா, இது..."

"புத்தகம் கலைஞ்சிருக்கேன்னு கேட்டா, மேசை துடைக்கறப்போ நான்தான் எடுத்தேன்னு சொல்லிக்கறேன். என் பேர்தான் ஏற்கெனவே கெட்டாச்சே, இதுவும் போய் அதோட சேரட்டும். நீயாவது நல்ல பேரோட இரு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. மூன்று வாரமாக நான் எழுதிவைத்துவிட்டதாலேயே சொல்லிவிட்ட மாதிரி நினைத்துக்கொண்டிருந்தேன். ஓரத்தில் எழுதினால் யாருக்குக் கேட்கும்?

கொண்டையில் செருகியிருந்த பென்சிலை உருவினேன். அழித்த இரண்டு வார்த்தைகளையும் திரும்ப எழுதினேன், இந்தத் தடவை கோணல் இல்லாமல். சிவப்பு நாடாவை உருவி அந்தப் பக்கத்தில் வைத்து மூடினேன்.

"என்ன பண்றே? சீக்கிரம் வா!" என்று சின்னக்கா கையைப் பிடித்து இழுத்தாள். நான் நகரவில்லை.

முதலாளியம்மா உள்ளே வந்தார். எங்கள் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார். பையை வைத்துவிட்டு, சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறக்காமல், நேரே புத்தகத்தைத்தான் எடுத்தார். படிக்கிறவர்கள் எல்லாம் ஒரே ஜாதி. நாடாவைப் பிடித்துத் திறந்தவர் புருவத்தைச் சுருக்கினார்.

"நான் நிறுத்தின இடம் இது இல்லையே. யார் மாத்தி வச்சது?"

"நான்தாம்மா," என்று சின்னக்கா முந்திக்கொண்டாள். "மேசை துடைக்கறப்போ..."

"இல்லைம்மா," என்றேன். "இதையும் அக்கா பண்ணலை."

சின்னக்காவின் கை என் கையிலிருந்து மெல்ல நழுவியது.

"இதையுமா?" என்றார் முதலாளியம்மா.

"ஓரத்துல எழுதியிருக்கறதை முதல்ல படிங்கம்மா. சத்தமாப் படிங்க, அக்காவுக்கும் கேட்கட்டும்."

அவர் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு, பக்கத்தின்மேல் குனிந்தார்.