அனுமதி கேட்காத பெட்டி

குதிரையின் பின்னங்கால் தரைக்குள் புதைந்துகொண்டே இருந்தது. நாலுகால் பாய்ச்சலில் வரும், பள்ளத்தைத் தாண்டும். இறங்கும்போது மட்டும் பின்னங்கால் இரண்டும் முழங்கால் வரை மண்ணுக்குள் போய்விட்டு, ஒன்றுமே நடக்காததுபோல வெளியே வந்து ஓடும். காலையிலிருந்து அவள் கணினித் திரையில் அதையே திரும்பத் திரும்பத் தாண்டவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அடுத்த மேசைக்காரன் நாற்காலியோடு உருண்டு வந்தான். தடித்த கண்ணாடி போட்டவன் என்பதால் அலுவலகத்தில் எல்லாருக்கும் அவன் சோடாபுட்டி.

"அக்கா, கடைய மூடுறாங்களாம்."

"எந்தக் கடைய?"

"நம்ம கடையத்தான்."

செய்தி தலைமையகத்திலிருந்து வந்திருந்தது. சாதனம் எதிர்பார்த்த வரவேற்பைப் பெறவில்லை, வரும் மாதக் கடைசியோடு சேவை நிறுத்தப்படும், இதுவரை உழைத்த அனைவருக்கும் நன்றி. அவள் முழுவதையும் நிதானமாகப் படித்தாள். பிறகு திரும்பி உட்கார்ந்து குதிரையின் கணுக்காலை ஒரு மயிரிழை உயர்த்தி மறுபடியும் ஓடவிட்டாள். இந்த முறை குதிரை சுத்தமாக இறங்கியது.

"இனிமே யாருக்குக்கா அந்தக் கால்?"

"குதிரைக்குத்தான்," என்றாள்.

அவர்கள் விற்ற விளையாட்டுப் பெட்டி பச்சை நிறம், தடித்த அகராதி ஒன்றின் அளவு. பணக்கார நாடுகளுக்காகச் செய்ததல்ல. அங்கிருந்து வரும் பெட்டிகளைக் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பும் ஜனங்களுக்கென்றே செய்தது. வட்டு வேண்டாம், வீட்டுக்கு இணையக் கம்பி வேண்டாம். கைபேசிக் கோபுரம் இருக்கும் ஊராக இருந்தால் போதும், விளையாட்டு காற்றில் வந்து இறங்கும். அப்படி இறக்குவதுதான் அவள் வேலை. கோபுரத்தின் வழி ஒடுக்கமானது, விளையாட்டோ பெரியது. யானையைப் பானைக்குள் அடைப்பது போன்ற வேலை அது. எந்த மரத்தின் நிழலை எடுத்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது, எந்த ஓசையைப் பாதியாக வெட்டினால் காது ஏமாறும் என்பதெல்லாம் அவளுக்குக் கைவந்த கலையாகிவிட்டது. மற்றவர்கள் முடியாது என்று கைவிட்ட ஒரு கால்பந்து விளையாட்டை அவள் சுருக்கி அனுப்பியபோது, அதைச் செய்த நிறுவனத்திலிருந்தே ஆள் வந்து எப்படி என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போனார்கள்.

ஆனாலும் பெட்டி விலைபோகவில்லை. வசதி உள்ளவர்கள் வெளிநாட்டுப் பெட்டியைத்தான் கேட்டார்கள். வசதி இல்லாதவர்கள் யாரோ விளையாடிவிட்டுத் தூக்கிப்போட்ட பழைய பெட்டியை வாங்கி, நடைபாதையில் விற்கும் திருட்டு வட்டுகளைப் போட்டு ஓட்டினார்கள். பச்சைப் பெட்டி இரண்டுக்கும் நடுவில் விழுந்தது. அவள் கொழுந்தனே தன் பிள்ளைக்கு வெளிநாட்டுப் பெட்டிதான் வாங்கினான். "தப்பா நெனைக்காதீங்க அண்ணி, உங்களுது பாக்க சோப்பு டப்பா மாதிரி இருக்கு," என்றான். அவளும் சிரித்து வைத்தாள்.

அன்று மாலை அவள் வீட்டுக்கு வந்து காலணியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டாள். பள்ளிக்கூட வேன் ஓட்டும் அவள் கணவர், வண்டியைக் கழுவிவிட்டு ஈரக்கையோடு உள்ளே வந்தார்.

"என்ன, கப்பல் கவுந்த மாதிரி உக்காந்திருக்க?"

"கவுந்துதான் போச்சு. ஆஃபீஸ மூடுறாங்க."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். "வேற வேல கெடைக்கும். உனக்குக் கெடைக்காட்டி யாருக்குக் கெடைக்கும்?"

"வேலைய நான் நெனைக்கவே இல்ல. பெட்டிய வாங்கினவங்கள நெனைக்கிறேன்."

அவருக்குப் புரியும்படி சொன்னாள். யாராவது விளையாட்டைத் திறக்கும்போதெல்லாம் பெட்டி இவர்கள் அலுவலகத்துக் கணினியிடம் "திறக்கலாமா?" என்று கேட்கும். காசு கொடுத்து வாங்கியதுதானா என்று பார்த்துவிட்டுக் கணினி "திற" என்று சொல்லும். திருட்டைத் தடுக்கத் தலைமையகம் போட்ட பூட்டு அது. மாதக் கடைசியில் அந்தக் கணினியை அணைத்துவிட்டால் பதில் சொல்ல யாரும் இல்லை. பெட்டி கேட்டுக்கொண்டே இருக்கும், எந்த விளையாட்டும் திறக்காது.

"அப்போ, வேன வித்துட்டு சாவிய மட்டும் நானே பையில போட்டுக்கிட்டு வர்ற மாதிரி."

"அதேதான்."

"அது அநியாயமாச்சே."

"அதத்தான் நாளைக்கு அவங்ககிட்ட சொல்லப் போறேன்," என்று சொல்லிவிட்டு எழுந்து காலணியைக் கழற்றினாள்.

தலைமையகத்து அதிகாரி திரையில் வந்தார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. கடைசி சில வாரங்களில் பல நாட்டு அலுவலகங்களிடம் இதே கெட்ட செய்தியைச் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போன முகம். பூட்டை எடுத்துவிடலாம், ஒரு சின்னத் திருத்தம் அனுப்பினால் போதும், அதை நானே எழுதுகிறேன் என்று அவள் சொன்னதை முழுவதும் கேட்டார். பிறகு, விளையாட்டுகள் நம்முடையவை அல்ல, அவற்றைச் செய்தவர்கள் பூட்டு இருக்கும் என்ற நிபந்தனையின் பேரில்தான் நமக்குக் கொடுத்தார்கள், திறந்துவிட்டால் வழக்கில் மாட்டுவோம் என்றார். செய்தவர்கள் ஒருவர் விடாமல் எழுத்தில் சம்மதம் கொடுத்தால் தனக்கு மறுப்பு இல்லை என்றும் சொன்னார்.

முடியாது என்பதை மரியாதையாகச் சொல்லும் வழி அது. அறையில் இருந்த எல்லாருக்கும் அது புரிந்தது. அவளுக்கும் புரிந்தது. ஆனால் புரியாததுபோல, "நல்லது, வாங்கிவிடுகிறேன்," என்று சொல்லிக் குறித்துக்கொண்டாள்.

வெளியே வந்ததும் சோடாபுட்டி தலையில் கைவைத்துக்கொண்டான். "அக்கா, பாதி கம்பெனி எங்க இருக்குன்னே தெரியாது."

"தெரிஞ்ச பாதியில ஆரம்பி."

அன்றிலிருந்து இருவருக்கும் அதுவே வேலை. பெரிய நிறுவனங்களில் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டினார், அவர் விடுப்பில் இருந்தார். ஒரு நிறுவனம் விளையாட்டுச் செய்வதை விட்டுவிட்டு இணையத்தில் மெத்தை விற்றுக்கொண்டிருந்தது. மெத்தைக்கென்று வைத்திருந்த எண்ணில் அழைத்து, மெத்தை வேண்டாம் என்று புரியவைப்பதற்கே அவளுக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. சிலரிடம் நியாயம் பேசினாள். சிலரிடம் கையைக் காலைப் பிடிக்காத குறைதான். சோடாபுட்டி ஒவ்வொரு சம்மதம் வரும்போதும் மேசையைத் தட்டினான். காலி நாற்காலிகள் கூடிக்கொண்டே போன அந்த அலுவலகத்தில் அந்தத் தட்டல் நன்றாகவே கேட்டது.

கடைசியில் ஒருவர் மட்டும் மிஞ்சினார். பெட்டியில் வந்த மோட்டார் சைக்கிள் பந்தயத்தைச் செய்தவர். நிறுவனமெல்லாம் இல்லை, தொலைதூர நாட்டில் ஒற்றை ஆளாக வீட்டறையில் உட்கார்ந்து செய்திருந்தார். எழுதிய எதற்கும் பதில் இல்லை. ஒருவழியாகத் தொலைபேசியில் கிடைத்தபோது, இருவருக்கும் தாய்மொழியல்லாத ஒரு மொழியில் பேசிக்கொண்டார்கள். அவர் சுற்றிவளைக்கவில்லை. மூன்று வருட உழைப்பை யாருமே வாங்காத ஒரு பெட்டிக்குள் போட்டேன், பெட்டியோடு சேர்ந்து அதுவும் போகட்டும் என்று சொல்லி வைத்துவிட்டார்.

அவளுக்குக் கோபம் வரவில்லை. அந்தக் குரல் அவளுக்குத் தெரிந்த குரல். கொழுந்தன் வீட்டில் சிரித்து வைத்தபோது தனக்குள் கேட்ட அதே குரல்.

வாடிக்கையாளர் அழைப்புகளை எடுக்க வேண்டியவர்களை ஏற்கெனவே அனுப்பிவிட்டிருந்தார்கள். அதனால் மணி அடித்தால் பக்கத்தில் இருப்பவர் எடுப்பது என்று ஆகியிருந்தது. மறுநாள் மதியம் அவள் எடுத்தாள்.

"மேடம், பெட்டி நின்னுடும்னு கடையில சொல்றாங்க. நெசமா? ஞாயித்துக்கெழம வண்டி ஓட்ட முடியுமா முடியாதா, அத மட்டும் சொல்லிருங்க."

"எந்த வண்டி அண்ணே?"

"பைக்கு மேடம். நான் சலூன் வச்சிருக்கேன். காத்திருக்கிறவங்களுக்குப் பொழுது போகட்டும்னுதான் வாங்கிப் போட்டேன். இப்ப முடி வெட்டிக்கிட்டவங்ககூட வீட்டுக்குப் போக மாட்டேங்கிறாங்க. ஞாயித்துக்கெழம போட்டியே நடக்குது. தோத்தவன் கடையக் கூட்டணும்."

அவள் எழுந்து நின்றுவிட்டாள். "அண்ணே, ஞாயித்துக்கெழம நான் கூப்பிட்டா எடுப்பீங்களா? எடுத்து எங்கிட்ட ஒண்ணும் பேச வேணாம். ஃபோன டீவி பக்கத்துல வச்சிருங்க, போதும்."

"எதுக்கு மேடம்?"

"இந்த வண்டியச் செஞ்சவருக்குக் கேக்கணும்."

மறுமுனையில் கத்தரிக்கோல் ஓசை நின்றது. பிறகு, "செஞ்சவரா? அப்போ பசங்களக் கெட்ட வார்த்த பேச வேணாம்னு சொல்லி வைக்கிறேன்," என்றார்.

"அதெல்லாம் அவருக்குப் புரியாது. எப்பவும் போல இருக்கட்டும்."

ஞாயிறு காலை அவள் வீட்டு மேசையில் உட்கார்ந்து இரண்டு அழைப்புகளையும் இணைத்தாள். கணவர் விசிறியை நிறுத்திவிட்டுக் கதவோரம் நின்றார். பந்தயத்தைச் செய்தவர் எடுத்தவுடனே, முடியாது என்று சொன்னேனே என்றார். பதில் கேட்கவில்லை, கொஞ்சநேரம் கேட்க மட்டும் செய்யுங்கள் என்றாள் அவள்.

மோட்டார் உறுமியது. அது அவரே தன் சொந்த வண்டியில் பதிவுசெய்த உறுமல் என்பது பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. அதற்கு மேலே ஒரு கூட்டமே கத்திக்கொண்டிருந்தது. கத்தரிக்கோல் ஓசை, பெஞ்சு நகரும் ஓசை, யாரோ யாரையோ திட்டும் ஓசை. "ஓரமாப் போடா! பாலத்துல ஓரமா!" என்று ஒருவன் தொண்டை கிழியக் கத்தினான். "பிரேக்கத் தொடாத, தொட்டா போச்சு!" என்றான் இன்னொருவன். உடனே எல்லாரும் சேர்ந்து ஒரு பெரிய "ஐயோ". அதற்குப் பின்னால் அடக்க முடியாத சிரிப்பு.

சிரிப்பு அடங்கியதும் அந்த மனிதர், என்ன சொல்லிக் கத்துகிறார்கள் என்று கேட்டார்.

பாலத்தில் ஓரமாகப் போகச் சொல்கிறார்கள், நடுவில் போனால் வழுக்குமாம் என்று மொழிபெயர்த்தாள்.

அதை நான் யாரிடமும் சொன்னதில்லை என்றார் அவர். ஓரத்தில் மட்டும் பிடிமானம் வைத்தேன், எவனாவது ஒருவன் கண்டுபிடிக்கட்டும் என்று வைத்தேன். குரல் முன்பு போல் இல்லை.

"இங்கே எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது," என்றாள் அவள்.

இன்னொரு பந்தயம் முடியும் வரை கேட்டார். எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்தார். வாய்ப்பேச்சாகப் போய்விடுமோ என்று அவளுக்கு உள்ளூரக் கலக்கம்தான். ஆனால் மறுநாள் அவள் அலுவலகம் போவதற்குள் சம்மதம் வந்து காத்திருந்தது. சோடாபுட்டி மேசையைத் தட்டிய தட்டில் அவன் கண்ணாடியே கழன்று விழுந்தது.

திரையில் வந்த அதிகாரி எல்லாச் சம்மதங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். மெத்தைக்காரர்களுடையதில் மட்டும் கொஞ்சம் நின்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டு, எந்த நாட்டு அலுவலகமும் இதைக் கேட்கவில்லை, நீங்கள் எழுதும் திருத்தத்தை மற்ற நாடுகளுக்கும் அனுப்பலாமா என்று கேட்டார். தாராளமாக என்றாள் அவள்.

அவள் வாழ்நாளில் எழுதிய திருத்தங்களிலேயே ஆகச் சிறியது அது. புதிதாக எதையும் சேர்க்கவில்லை, ஒரு கேள்வியை மட்டும் எடுத்துவிட்டாள். ஆனால் அது போய்ச் சேர வேண்டுமானால் அங்கே பெட்டி விழித்திருக்க வேண்டும். அதனால் இருவரும் தெரிந்த எண்களுக்கெல்லாம் பேசினார்கள். "ஒண்ணும் பண்ண வேணாம்மா, பெட்டியப் போட்டு விடுங்க, அரைமணி நேரம் அணைக்காதீங்க, போதும்." திருத்தம் போய்ச் சேரச் சேரத் திரையில் ஊர்ப் பெயர்கள் பச்சையாக மாறிக்கொண்டு வந்தன. அவள் போயிராத ஊர்கள், சிலவற்றின் பெயரை அன்றுதான் முதல்முதலாகக் கேட்டாள். எல்லாம் மாறவில்லை. பரணில் தூங்கும் பெட்டிகள் இருக்கும், பழுதான பெட்டிகள் இருக்கும், அவள் அழைப்பை எடுக்காதவர்கள் இருந்தார்கள். அது அவளுக்கு உறுத்தலாகத்தான் இருந்தது. ஆனால் மாறியவைதான் அதிகம்.

அந்த வாரம் கொழுந்தன் வீட்டுக்கு வந்தான். "என்ன அண்ணி, பெட்டி தோத்துப்போச்சாமே," என்றான்.

"ஆமா தம்பி, தோத்துதான் போச்சு," என்றாள். இந்த முறை சிரித்து வைக்க வேண்டியிருக்கவில்லை, சிரிப்பு தானாகவே வந்தது.

அவள் கணவர் வேன் சாவியைச் சுழற்றிக்கொண்டே சொன்னார்: "உங்க அண்ணி தோத்த அழக நீ பாத்திருக்கணும்டா. எவனும் அப்படி ஜெயிச்சிருக்க மாட்டான்."

மாதக் கடைசி நாள் காலையில் கணினியை அணைக்கும் பொறுப்பை சோடாபுட்டியிடம் விட்டுவிட்டு, அவள் பேருந்து ஏறி நகரத்தின் மறுகோடிக்குப் போனாள். அவளுடைய பெட்டியை வாங்கிய ஒருவரையும் அவள் அதுவரை நேரில் பார்த்ததில்லை. சலூன் ஒரு சைக்கிள் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில் இருந்தது. வாசலில் ஒரு பெண் நிற்பதைக் கண்டு உள்ளே இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"யாரும்மா வேணும்?" என்றார் சலூன்காரர். ஒல்லியான மனிதர், காதோரத்தில் சீப்பு.

"அண்ணே, ஃபோன்ல பேசினேனே..."

"டேய், எடம் விடுங்கடா!" என்று அவர் போட்ட சத்தத்தில் பெஞ்சே காலியாகிவிட்டது. "உக்காருங்க மேடம். என்ன சாப்பிடுறீங்க?"

"ஒண்ணும் வேணாம். பெட்டியப் போடுங்க, பாத்துட்டுப் போறேன்."

அவள் கைபேசி ஒருமுறை அதிர்ந்தது. சோடாபுட்டிதான். "அணச்சிட்டேன்க்கா," என்று மட்டும் எழுதியிருந்தான். சலூன்காரர் பெட்டியின் பொத்தானை அழுத்தினார். அனுமதி கேட்கும்போது ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும் இடத்தையே அவள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள். வட்டம் வரவில்லை. எடுத்த எடுப்பிலேயே சாலை விரிந்தது, மோட்டார் உறுமியது.

நாற்காலியில் சவரத்துக்கு உட்கார்ந்திருந்தவர், ஒரு கன்னத்தில் நுரையும் கழுத்தில் துண்டுமாக எழுந்து வந்து, "மொதல்ல நான்," என்று கையை நீட்டி வண்டி ஓட்டும் விசைப்பிடியை வாங்கிக்கொண்டார். சலூன்காரர் கத்தியை மடக்கி ஏந்தியபடி அவருக்குப் பின்னால் நின்றார். காலியான பெஞ்சு மறுபடியும் நிறைந்தது, அவளுக்குப் பக்கத்தில் ஒருவர் மரியாதையாக ஒரு சாண் இடம் விட்டு உட்கார்ந்தார். வண்டி வேகமெடுத்து முதல் வளைவுக்கு வந்தபோது, பெஞ்சில் இருந்தவர்களும் நின்றவர்களும், கத்தியோடு சலூன்காரரும், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி அவளும், எல்லாருமாக ஒரே பக்கம் சாய்ந்தார்கள்.