மோர்சிங் வாசித்தவர்

பாடுகிறவர்களை விடக் கேட்கிறவர்களுக்குத்தான் தலைக்கனம் அதிகம். இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன். இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு வாக்கில் கர்நாடக இசை ரசிகர்களுக்கென்று ஒரு மின்னஞ்சல் குழுவை நடத்திக்கொண்டிருந்தேன். வேலை பாண்டிச்சேரியில் உப்பளம் பகுதியில், ஒரு சரக்கு ஏற்றுமதி அலுவலகத்தில். சரக்கு அதிகம் வராது. ஆகவே குழு நன்றாக நடந்தது.

குழுவுக்குச் சட்டம் ஒன்றே ஒன்றுதான். மடலின் முதல் வரியில் 'இப்போது கேட்பது' என்று போட்டு, யார் பாடியது, என்ன ராகம், எந்தக் கச்சேரி என்று எழுதிவிட வேண்டும். அதற்குக் கீழே எவ்வளவு வேண்டுமானாலும் அளக்கலாம். அளந்தார்கள். சிங்கப்பூரில் ஒருவர் தன்னிடம் இருக்கும் பதிவுகளை அடுக்க அலமாரி செய்த கதையையே மூன்று மடல் எழுதினார். பாஸ்டனில் ஒரு பல் டாக்டர் யார் எதைக் கேட்டாலும் அதைவிட நல்ல பதிவு தன்னிடம் இருப்பதாகச் சொல்வார். இவர்களுக்கு நடுவே மத்தியஸ்தம் பண்ணுவது என் பொழுதுபோக்கு.

இவர்கள் எல்லாரும் வாயை மூடிக்கொள்ளும் ஒரே ஆள், கீரவாணி என்ற பெயரில் எழுதிய அம்மாள். முந்தின நாள் மாலை கேட்டதைப் பற்றித் தினமும் காலையில் எழுதுவார். 'இவர் தோடியைத் தாலாட்டவில்லை, தட்டி எழுப்புகிறார்' என்பார். படித்ததும் நமக்கும் அப்படித்தான் பட்டது என்று தோன்றிவிடும். டாக்டர்கூடக் கீரவாணி சொன்னால் சரி என்று அடங்கிப் போவார். ஆனால் ஒரு வழக்கம் மட்டும் விசித்திரமாக இருந்தது. எந்தக் கச்சேரியிலும் முதல் பாதியைத் தாண்டி எழுத மாட்டார். தனி ஆவர்த்தனம் எப்படி, கடைசியில் பாடிய துக்கடா எப்படி என்று கேட்டால், 'அரை வயிற்றோடு எழுந்திருப்பதுதான் ரசிகனுக்கு அழகு' என்று பதில் வரும். அதையும் ரசித்தோம். பிடித்த ஆள் தும்மினாலும் அதில் ஸ்ருதி இருக்கும்.

வம்பு ஒரு காம்போதியில் ஆரம்பித்தது. காலஞ்சென்ற ஒரு பெரிய வித்வான் மயிலாப்பூரில் பாடிய பழைய கச்சேரி அது. கீரவாணி எழுதினார்: 'அனுபல்லவியில் மோர்சிங் சேர்ந்துகொள்கிறது. வாசித்தவர் யாரென்று தெரியவில்லை. தாளத்தில் கொஞ்சம் பின்தங்கியே வாசிக்கிறார். அது பிசகு இல்லை, துணிச்சல்.'

அந்தப் பதிவு குழுவில் பாதிப் பேரிடம் இருந்தது. அதில் பல்லிடுக்கில் வைத்து 'ஞொய்ங்' என்று மீட்டும் அந்த மோர்சிங் இல்லை. கடம்கூடக் கிடையாது. சிங்கப்பூர்க்காரர் மரியாதையாகச் சொன்னார். டாக்டர் இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததை எல்லாம் சேர்த்துச் சொன்னார். கீரவாணி விடவில்லை. 'நல்ல காதை வைத்துக்கொண்டு கேளுங்கள்' என்று ஒரே வரி. அப்படியானால் உங்கள் பதிவைப் பிரதி எடுத்து அனுப்புங்கள் என்றார் டாக்டர். அதற்குப் பிறகு கீரவாணியிடமிருந்து மடல் வரவில்லை. குழுவில், அவரிடம் பதிவே இல்லை போலிருக்கிறது, எங்கோ படித்துவிட்டு எழுதுகிறார் என்று பேச்சு கிளம்பியது. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. பொய் சொல்கிறவருக்கு அத்தனை நல்ல காது இருக்க முடியாது.

அந்த வாரம் என் அலுவலகத்துக்கு ஒரு பெரியவர் வந்தார். பெயர் ஹரிகிருஷ்ணன். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். இப்படிப்பட்டவர்களைப் பாண்டிச்சேரியில் சொல்தா என்போம். உழவர்கரையில் ஒரு காலனியில் தனியாக இருக்கிறார். பிள்ளை பாரீசில் இருந்து வாங்கி அனுப்பிய கம்ப்யூட்டரில் எங்கள் குழுவைப் படிப்பாராம். எழுதியதே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்ததும் சொன்னார்:

"தம்பி, அந்த மோர்சிங் நான்தான்."

எனக்குப் புரியவில்லை.

"என் கொறட்டை தம்பி. சாயங்காலம் பிரஷர் மாத்திரையப் போட்டுக்கினு, டேப்ப ஓட வுட்டுட்டு சாய்வு நாற்காலியில குந்துவேன். ஏ பக்கம் முடியறதுக்குள்ள தூங்கிடுவேன். டக்குனு டேப்பு தானா நின்னுடும். அதைத் திருப்பிப் போட்டு வருசமாச்சி. அந்தக் காம்போதி அன்னிக்கு நான் போட்டதுதான். அதுக்கு மொத நாள் பைரவி, அதுக்கு முன்ன தோடி. எல்லாம் என் வூட்டு டேப்பு."

"அப்போ கீரவாணி?"

"பக்கத்து வூட்டு ராஜாம்பாள். ரெண்டு வூட்டுக்கும் ஒரே செவுரு. தட்டாஞ்சாவடியில ஒரு கம்பெனியில கம்ப்யூட்டர்ல கணக்கு பாக்குது. அந்தம்மாவோட டேப்பு ரெக்கார்டர் ரிப்பேராகி, பழைய சாமான் வண்டியில போனத நானே பாத்தேன். என் செவுத்துல காத வச்சித்தான் கேக்குது."

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்றார். இவர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி வழிந்து, மாடியில் அந்த அம்மாள் பிழிந்து வைத்திருந்த வடாம் நனைந்திருக்கிறது. மன்னிப்புக் கேட்கப் போயிருக்கிறார். போன இடத்தில், நனைஞ்சா மறுபடி காயவச்சா போச்சு என்று சொல்லித் தொலைத்திருக்கிறார். அன்றோடு சரி.

"நேரா போயி, கேக்கணும்னா உள்ள வந்து கேளுங்கன்னு சொல்லிடுங்களேன்" என்றேன்.

"சொன்னா செவுத்த வுட்டே எழுந்துடும் தம்பி. ரோஷக்காரி. நான் கண்டுபுடிச்சிட்டேன்னு தெரிஞ்சாலே போதும், அப்புறம் ஜென்மத்துக்கும் பாட்டு கேக்காது." நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "நான் தனியா கேக்குறேன்னு நெனச்சிருந்தேன். இன்னொரு ஆள் கூடவே கேட்டுக்கினு இருந்துதுன்னு தெரிஞ்சதும் அவ்ளோ சந்தோஷமா இருந்துது. அது பாவம், எல்லாத்தையும் பாதிதான் கேட்டிருக்குது. பி பக்கம் போடணும். தற்செயலா போட்ட மாதிரி இருக்கணும். நான் தூங்கிட்டா எழுப்ப ஒரு ஆள் வேணும், நீங்க வாங்க."

இப்படி ஒரு வேலைக்கு என்னை இதற்கு முன் யாரும் அழைத்ததில்லை. போனேன்.

மறுநாள் மாலை ராஜாம்பாளின் வீட்டைத் தாண்டித்தான் இவர் வீட்டுக்குள் நுழைந்தேன். அந்த அம்மாளின் செருப்பு வாசலில் இருந்தது. உள்ளே விளக்கில்லை, ஃபேன் ஓடும் சத்தமும் இல்லை. ஹரிகிருஷ்ணன் மாத்திரையைத் தள்ளிப் போட்டிருந்தார். டாக்டர் கோபிப்பார் என்றேன். எந்த டாக்டர், பாஸ்டன் டாக்டரா என்று கேட்டார். சுவரோரம் இருந்த பழைய பானசோனிக்கில் அதே காம்போதியைப் போட்டார்.

ராகம் முடிந்து, பாட்டு எடுத்து, சரணத்தில் ஒரு வரியைப் பிடித்து வித்வான் நிரவலுக்குள் நுழைந்தார். அந்த வரியை ஒருமுறை இறக்கினார், ஒருமுறை ஏற்றினார். மூன்றாம் முறை எடுத்த சொல்லின் நடுவில் ஏ பக்கம் தீர்ந்து, டக்கென்று நின்றது. வீட்டில் பிரதி எடுத்த கேசட், எந்த இடத்தில் தீர்கிறது என்று யார் பார்த்தார்கள்?

ஹரிகிருஷ்ணன் எழுந்தார். அவசரத்தில் கேசட்டை இரண்டு முறை தவறாகவே செருகினார். பிறகு பி பக்கம் ஓடத் தொடங்கியது.

விட்ட சொல்லை வித்வான் அங்கிருந்தே எடுத்தார். நான் இந்தக் கச்சேரியைப் பலமுறை கேட்டவன். இனி என்ன வரும் என்று தெரியும். இருந்தாலும் அன்றைக்கு வேறு மாதிரி இருந்தது. சுவருக்கு அப்பால் ஒரு ஆள் இதை முதல் தடவையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்ற நினைப்போடு கேட்டேன். அந்த அம்மாள் எழுந்து போகும் சத்தம் ஏதாவது வருகிறதா என்று ஹரிகிருஷ்ணன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சத்தமும் இல்லை. நிரவல் மேல் ஸ்தாயிக்குப் போனது. வயலின் துரத்திக்கொண்டு ஏறியது. ஸ்வரம் பாடத் தொடங்கி, சின்னச் சின்னதாக அடுக்கி, பெரிய கோர்வைக்கு வித்வான் மூச்சை இழுத்த நேரத்தில் மின்சாரம் போய்விட்டது.

குரல் இழுபட்டு, கனத்து, நின்றது. கூடம் இருட்டாகிவிட்டது. தெருவில் யாரோ மெழுகுவர்த்தி எங்கே என்று கத்தினார்கள்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, காதுக்குப் பக்கத்தில் பேசுகிற மாதிரி ஒரு குரல் வந்தது.

"அய்யய்யோ, ஏங்க நிறுத்திட்டீங்க?"

பிரம்பு நாற்காலி கிறீச்சிட்டதிலிருந்து ஹரிகிருஷ்ணன் நிமிர்ந்துவிட்டார் என்று தெரிந்தது. சுவருக்கு அப்பால், சொன்னது என்னவென்று அந்த அம்மாளுக்கு உறைத்திருக்க வேண்டும். அங்கே மூச்சுச் சத்தம்கூட இல்லை. அவ்வளவுதான், இனி அந்தச் சுவரோரம் யாரும் உட்காரப் போவதில்லை என்றுதான் நினைத்தேன். கேட்காத மாதிரி இருந்துவிடுங்கள் என்று ஹரிகிருஷ்ணனின் கையைத் தொட்டேன். அவர் கையை விலக்கிக்கொண்டார்.

சுவரைப் பார்த்துச் சாதாரணமாகச் சொன்னார்:

"நான் நிறுத்தலம்மா. கரண்ட் போச்சி. ஊருக்கே போச்சி."

வெளியே ஒரு ஸ்கூட்டர் போனது. அது தெருமுனை திரும்பி, சத்தம் தேய்ந்தது. ஹரிகிருஷ்ணன் எழுந்து இருட்டில் தடவிக்கொண்டு போய்ச் சுவரோரம் தரையிலேயே உட்கார்ந்தார்.

"வந்ததும் போடறேன்" என்றார். "எங்கேருந்து போடட்டும்?"

அந்தப் பக்கம் வளையல் சத்தம் கேட்டது. பிறகு, அழுது முடித்தவர்கள் பேசுகிற மாதிரி ராஜாம்பாள் சொன்னார்:

"மொதல்லேருந்தே போடுங்க."

ஹரிகிருஷ்ணன் டேப் ரெக்கார்டரைத் திறந்து கேசட்டை எடுத்து, ஏ பக்கமாகத் திருப்பினார். என் பக்கம் கையை நீட்டி, சட்டைப் பையிலிருந்த பேனாவை உருவிக்கொண்டு, கரண்ட் வரும்வரை காத்திருக்காமல் அந்த இருட்டிலேயே நாடாவைப் பின்னால் சுற்ற ஆரம்பித்தார்.