ஏழு நாள் சும்மா இருந்தவர்கள்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை கடற்கரையில் பிறக்கவில்லை. செங்கல்பட்டில், என் வீட்டுக் கூடத்தில் பிறந்தது. வீட்டில் யார் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்க ஒரு பெண் வந்திருந்தாள். காலில் கட்டுடன் ஒரு மாதமாக நாற்காலியில் கிடந்த என் கணவர் ஸ்ரீவத்ஸன், "நான் என்ஜினியர். இவ வீட்டோடதான்" என்றார். ஒன்பது புத்தகம் எழுதியவள் நான். காபியை நீட்டிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

அன்று மூடிய வாய்க்குப் பரிகாரமாக ஒரு வாயாடியைப் படைக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

2

கடலில் சூரியன் எழுந்தபோது யோகேஸ்வரி கூடையைத் தலையில்... (வேண்டாம். எதற்கெடுத்தாலும் சூரியனைக் கூப்பிடும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு.)

மறுபடியும். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பம். கணவன் காத்தவராயன் பிடித்துவரும் மீனை யோகேஸ்வரி பத்தொன்பது வருடமாகப் பஸ்ஸில் கல்பாக்கம் கொண்டுபோய் விற்கிறாள். இப்போது அம்மனுக்குக் காப்பு கட்டியிருக்கிறது. காப்பு அவிழ்க்கும்வரை ஊரில் யாரும் கடலில் இறங்கமாட்டார்கள். மீன் இல்லை, கூடை கவிழ்ந்து கிடக்கிறது. எட்டாம் நாள், கையில் டேப்லெட்டுடன் சுவேதா கணக்கெடுக்க வருகிறாள்.

"அண்ணா, நீங்க?"

"மீன் புடிக்கிறவன்" என்றான் காத்தவராயன். சுவேதா அப்படியே தட்டிக்கொண்டாள்.

"அக்கா, போன ஏழு நாள்ல நீங்க என்ன வேலை பாத்தீங்க?"

யோகேஸ்வரிக்குப் பொய் வராது, அதுவும் காப்பு கட்டிய ஊரில். "ஏழு நாளா சும்மாத்தான் கீறேன்மா."

சுவேதாவின் விரல் 'வீட்டு வேலை' என்ற கட்டத்துக்குப் போனது.

3

வேலைக்குப் போகும் பெண்கள் கூடினார்களா குறைந்தார்களா என்று வருடாவருடம் செய்தித்தாளில் ஒரு கோடு போடுகிறார்கள். அது ஏறினால் ஒரு கட்டுரை, இறங்கினால் இரண்டு. அந்தக் கோட்டின் ஒரு புள்ளி இதோ, இந்த வாசலில் விழப்போகிறது.

சுவேதாவை வில்லியாக்கிவிடலாம் என்று நினைத்தேன். மனம் வரவில்லை. கூடுவாஞ்சேரியிலிருந்து வெயிலில் வருகிறாள், ஒப்பந்த வேலை, இருட்டுவதற்குள் இன்னும் எட்டு வீடு பாக்கி.

4

முதல் முடிவு: யோகேஸ்வரி பெண்களின் உழைப்பைப் பற்றி ஒரு பேருரை ஆற்றுகிறாள். அடித்துவிட்டேன். அது நான் என் கூடத்தில் பேசியிருக்க வேண்டியது.

இரண்டாவது: யோகேஸ்வரி ஒன்றும் சொல்லாமல் டீ போட உள்ளே போகிறாள். எழுதி முடித்ததும் எனக்கு வெட்கமாகிவிட்டது.

மூன்றாவது: யோகேஸ்வரி உள்ளே போகத்தான் எழுந்தாள். எழுந்தவள் டேப்லெட்டை எட்டிப் பார்த்தாள்.

"இவருக்கு இன்னா எழுதிக்கினே?"

"மீன்பிடித் தொழில்னு."

"இவரும்தான் ஏழு நாளா கடலுக்குப் போவல. இவரை இன்னாத்துக்கு ஏழு நாளு கேக்கல?"

காத்தவராயன் தலையைச் சொறிந்துகொண்டு, "அது கேக்கறது ஞாயந்தான்மா" என்றான்.

5

சுவேதாவின் விரல் கட்டத்துக்கு மேலே நிற்கிறது. கீழே இறக்குவதா, நகர்த்துவதா என்று நான் எழுதப்போவதில்லை. என் வீட்டுப் படிவம் அன்றைக்கே போய்விட்டது. அங்கே வாய் திறக்காதவளுக்கு இங்கே தீர்ப்பு எழுத என்ன யோக்கியதை?

நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். ஆனால் சீக்கிரம். சுவேதா அடுத்து வரப்போவது உங்கள் வீட்டுக்கு. கதவைத் திறந்து பதில் சொல்லப்போவது யார்?