தொண்டை கட்டிய பத்து நாள்

மருத்துவமனையில் இரத்தம் பரிசோதிக்கும் மெஷின் மக்கர் செய்தால் எங்கள் கம்பெனிக்கு ஃபோன் போடுவார்கள். எடுப்பவள் நான். ஏழு வருட இன்ஜினியர். கண்ணைக் கட்டிவிட்டாலும் அந்த மெஷினைப் பிரித்துப் பூட்டிவிடுவேன். ஆனால் "வடிகட்டியைக் கழட்டுங்க சார்" என்று சொன்னால், "அது இருக்கட்டும்மா, இன்ஜினியர்கிட்ட குடுங்க" என்பார்கள்.

கொடுப்பேன், பக்கத்து மேசை விற்பனைக்காரரிடம். அவருக்கு மெஷினின் விலை மட்டும்தான் தெரியும். நான் துண்டுச்சீட்டில் எழுதித் தருவதைக் கனத்த குரலில் வாசிப்பார். "இப்ப புரியுது சார்!" என்று உடனே கழற்றுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நாலு நிமிட வேலை இருபது நிமிடம் இழுக்கும், அதுவும் என் பெயரில்தான் பதிவாகும்.

இந்த மாதம் குழுத் தலைவர் பதவி காலி. ஃபோனைச் சீக்கிரம் முடிப்பவருக்கே பதவி என்று மேலாளர் சொல்லிவிட்டார். ஏற்கெனவே இரண்டு முறை கைநழுவியது. எனக்கு அது வேண்டும், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

அப்போதுதான் தொண்டை கட்டியது. தகரத்தைத் தரையில் இழுப்பது மாதிரி ஒரு குரல். "வடிகட்டியைக் கழட்டுங்க" என்றேன். "இதோ சார்!" என்றார்கள். பத்து நாளும் அப்படியே. சராசரி நாலரை நிமிடம். விற்பனைக்காரரின் முகம் தொங்கிப்போயிற்று.

வீட்டில் அம்மா மருந்தோடு துரத்த, நான் ஐஸ்கிரீமோடு ஓடினேன்.

"கழுதை வயசாச்சு, தொண்டை கட்டியிருக்கறப்ப ஐஸ்கிரீம் திங்கிறியே!"

"எல்லாம் வேலைக்காகத்தாம்மா."

"நல்ல வேலைடி!"

மாதக் கடைசி நாள் காலையில் கொட்டாவி விட்டேன். குரல் கணீரென்று வந்தது. அழுகையே வந்துவிட்டது.

அன்று மேலாளர் காதில் ஹெட்ஃபோனோடு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். முதல் ஃபோன், ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் லேப் தலைவர்.

"மெஷின் மறுபடியும் நின்னுபோச்சு. நேத்து பேசின சார் இல்லையாம்மா?"

விற்பனைக்காரர் ஆசையாக நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்து, வெற்றுத் துண்டுச்சீட்டை அவரே நீட்டினார். அதைப் பார்த்ததும் எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"நேத்து பேசினது நான்தான்."

லேப் தலைவர் ரொம்பக் கவலையாக, "ஐயோ சார்! தொண்டைக்கு என்னாச்சு? பொம்பள குரல் மாதிரி ஆயிடுச்சே! டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

மேலாளர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"காட்டினேன். இனிமே இப்படித்தானாம். நீங்க மெஷினுக்குப் பின்னால இருக்கற ரெண்டு குழாயையும் மாத்தி மாட்டுங்க."

"அடப்பாவமே" என்றபடியே மாட்டினார். மூன்றரை நிமிடம்.

மாலையில் பதவி கிடைத்தது. சிரித்துக்கொண்டேதான் வாங்கினேன். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியில், என் சொந்தக் குரலை நானே நோய் என்று ஒத்துக்கொண்டது நெஞ்சில் குத்தியது. மறுநாள் முதல் வேலையாக அந்த லேப் தலைவருக்கு ஃபோன் போட்டேன்.

"சார், எனக்கு ஒரு நோயும் இல்ல. நான் பொம்பளதான். மெஷின் ஓடுதா?"

"ஜம்முனு ஓடுதும்மா" என்றவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அப்ப அந்தக் குழாய் ரெண்டையும் பழையபடி மாட்டிடவா?"