ஆனைக்களிசான்

வன்னியின் அக்கராயனில் பிரேமிளாவுக்கு 'ஆனைக்களிசான்' என்று பட்டம் வைத்தது ஊர்ச்சனம். அதற்கு வழிசெய்து கொடுத்தவர் வீரகத்தி. ஊரோடு கோபித்து யாரும் வாழ முடியாது என்பதால் அவள் வீரகத்தியை மட்டும் மனதுக்குள் வைத்துக் கறுவினாள்.

அது தொண்ணூற்றேழாம் ஆண்டு. போரும் பொருளாதாரத் தடையும். கடைகளில் நூல்கட்டை கண்ணில் காணக் கிடைக்காது. பெற்றோலைச் சனம் மருந்துபோலச் சொட்டுச் சொட்டாகப் பாவித்தது. எப்போதாவது வெளிநாட்டிலிருந்து பழைய உடுப்பு மூட்டைகள் வந்து சனசமூக நிலையத்தில் இறங்கும். அவற்றைப் பங்கிடுகிறவர் நிவாரணக் குழுவின் செயலாளர் வீரகத்தி. நீளப் பலகை வாங்கிலே ஏறி நின்று மூட்டைக்குள் கைவிடுவார். எது கைக்கு வருகிறதோ அது வரிசையில் முன்னுக்கு நிற்பவருக்கு. மாற்றக் கேட்கக்கூடாது, அதுதான் சட்டம். அவருடைய வீட்டுக்குப் போகிற உடுப்புகள் முதல்நாளே தெரிந்தெடுக்கப்பட்டுவிடும். எந்தச் சட்டமும் வரிசையில் நிற்பவர்களுக்குத்தானே!

அன்றைக்குப் பிரேமிளாவின் முறை வந்தபோது வீரகத்தியின் கையில் ஒரு டெனிம் நீளக்களிசான், அதாவது நீளக் காற்சட்டை, வந்தது. வெள்ளைக்காரன் ஒருவன் போட்டது. இடுப்பில் இரண்டு ஆட்கள் நிற்கலாம். வீரகத்தி அதை விரித்துச் சனத்துக்குக் காட்டினார்.

"இந்தா பிள்ளை, உன்ர குடும்பம் முழுக்க இதுக்குள்ள குடியிருக்கலாம். கொட்டிலும் தேவையில்லை!"

"ஐயா, மகளுக்கு ஒரு சட்டை கிடைச்சால்..."

"தெரிஞ்செடுக்க இது கடையோ? கைக்கு வந்ததுதான். தோட்டத்தில இருந்து வந்த உங்களுக்கு இதே பெரிசு."

சனம் சிரித்தது. அவள் பத்து வயதில், எழுபத்தேழு கலவரத்தில், தாயின் கையைப் பிடித்துக்கொண்டு மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவள். இருபது வருடமாக இந்த மண்ணில் களை பிடுங்கியும் அந்தத் தோட்டம் அவளை விட்டுப் போகவில்லை. அதைக்கூடப் பொறுத்திருப்பாள். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்ற அவளுடைய புருசன் வீரையாவும் சேர்ந்து சிரித்தான்.

"நீங்களும் சிரிச்சீங்கதானே?" என்று வீட்டுக்கு வந்து கேட்டாள்.

"எல்லாரும் சிரிச்சாங்க புள்ள. எனக்கும் வந்துருச்சு."

மறுநாள் பள்ளிக்கூடத்தில் மகள் தனுஷாவைப் பிள்ளைகள் 'ஆனைக்களிசான் வாறா' என்று கூப்பிட்டார்கள். பதின்மூன்று வயதுப் பெண். புத்தகங்களைக் கொண்டுவந்து மூலையில் வைத்தாள். இனிப் போகமாட்டேன் என்றாள். என்ன சொல்லியும் அசையவில்லை. இதற்கு வீரகத்தி அதே வாங்கில் நின்று பதில் சொல்லவேண்டும் என்று பிரேமிளா அன்றைக்கே முடிவெடுத்தாள்.

முதலில் அந்த டெனிமை ஒரு வழி பண்ணவேண்டும். வீட்டிலிருந்த ஒரேயொரு ஊசி முதல் குத்திலேயே முறிந்துபோனது. வீரையா பாலைமரத்தின் கீழ் சைக்கிள் திருத்துகிறவன். ரியூப்பில் ஓட்டை அடைக்கிற சொலூசன் டின் அவனிடம் இருந்தது. ரியூப்பை ஒட்டுகிற பசை துணியை ஒட்டாதா? கால்கள் இரண்டையும் அரிவாளால் வெட்டி விரித்தாள். ஓரங்களை அரத்தால் உரசி, இரண்டு பக்கமும் சொலூசனைப் பூசி, காயவிட்டு, ஒன்றன்மேல் ஒன்றை வைத்துச் சுத்தியலால் தட்டினாள். கீழ் ஓரத்தை மடிக்கவே இல்லை. கொண்டையூசியால் குறுக்கு நூல்களை ஒவ்வொன்றாக இழுத்தெடுக்க, வெள்ளைக் குஞ்சம் விழுந்தது. தனுஷாவுக்கு ஒரு பாவாடை. மிச்சத்தில் தோளில் போடுகிற பை.

அந்தப் பாவாடையைப் பார்த்த பிறகுதான் மற்றப் பெண்களுக்கு வாய் மூடியது. வெள்ளைக்காரரின் அளவில் வந்த டெனிம்கள் ஊரில் வீட்டுக்கு ஒன்று கிடந்தன. ஒவ்வொருவராகக் கொண்டுவந்தார்கள். அரிசியோ தேங்காயோ கொடுத்துவிட்டு, இடுப்புச் சிறுத்ததையும் கால் குறைந்ததையும் வாங்கிப்போனார்கள். எல்லாரிடமும் பிரேமிளா ஒரு வசனம் தவறாமல் சொல்லுவாள்.

"தண்ணி படலாம், சவுக்காரம் படலாம். பெற்றோல், மண்ணெண்ணெய் மட்டும் படக்கூடாது. பட்டால் ஒட்டு விட்டுப்போம்."

தனுஷா பாவாடையைப் போட்டாள். பள்ளிக்கூடம் மட்டும் போகவில்லை. பட்டம் இன்னும் அங்கேயே இருந்தது.

ஆனைக்கு ஒரு காலம் பூனைக்கு ஒரு காலம் என்பார்கள். எட்டு மாதம் கழித்து வீரகத்தியே மோட்டார் சைக்கிளில் வந்து வேலிப் படலையடியில் இறங்கினார். கனடாவிலிருக்கும் மைத்துனர் அனுப்பிய புத்தம்புது டெனிம் கையில். இடுப்பு ஒரு சாண் கூட.

"வாற ஞாயிறு உடுப்புக் குடுக்கேக்கை படம் எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பப்போகினம். அதுதான் இதைப் போடுவமெண்டு. உனக்கும் முந்தி ஒரு நல்ல டெனிம் தந்தனானெல்லே? அதிலதானே இந்தத் தொழில் பழகினனீ?"

பிரேமிளா அவருடைய முகத்தையே பார்த்தாள். அந்த மனுசனுக்கு அது நினைவில்லை. உபகாரம் செய்ததாகத்தான் நினைவு! எட்டு மாதமாகப் பிள்ளை புத்தகம் தொடவில்லை, இவருக்கு நன்றி வேறு சொல்லவேண்டுமாம்.

"ஓம் ஐயா. செய்து தாறன்."

பழுதில்லாமல்தான் செய்தாள். பின்தையலை இடுப்பிலிருந்து கீழ்வரை வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றை ஏற்றி, மூன்றுமுறை சொலூசன் பூசித் தட்டினாள். ஊரில் அதைவிட நல்ல ஒட்டு யாருக்கும் போட்டதில்லை. வீரகத்தி வந்து போட்டுப் பார்த்துத் தலைகால் தெரியாமல் மகிழ்ந்தார்.

"வேறை ஏதும் கவனிக்கவேணுமோ பிள்ளை?"

ரியூப் ஒட்டிக்கொண்டிருந்த வீரையா வாயைத் திறந்தான். பிரேமிளா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அன்றைக்குச் சிரித்த வாய் என்று அவனுக்கு விளங்கியிருக்கவேண்டும், மூடிக்கொண்டான்.

"ஒண்டுமில்லை ஐயா. போட்டுக்கொண்டு போங்கோ."

வீரகத்தியின் மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடுவது. கிளப்புவதற்கு மட்டும் சின்னப் போத்தலிலிருந்து எஞ்சினின் காபரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விடுவார். கிளம்பாவிட்டால் இன்னும் நாலு. பிறகு ஈரக்கையைப் பின்பக்கத்தில் தேய்த்துத் துடைப்பார். இடுப்பில் சாரம் கட்டினாலும் களிசான் போட்டாலும் அந்தப் பழக்கம் மாறாது. ஊரே கண்டிருக்கிறது, பிரேமிளாவும் கண்டிருக்கிறாள்.

ஞாயிறு காலையில் மோட்டார் சைக்கிள் ஆறுமுறை அடம்பிடித்தது. ஆறுமுறையும் துடைத்தார்.

பிரேமிளா தனுஷாவைக் கட்டாயப்படுத்தி வரிசைக்குக் கூட்டிவந்து நின்றாள். வீரகத்தி வாங்கில் ஏறினார். படம் எடுக்கிறவர் தயாரானார். வீரகத்தி மூட்டைக்குள் கைவிடக் குனிந்தார். கிழிகிற சத்தம்கூட இல்லை. வாழைப்பழத் தோல்போல இடுப்பிலிருந்து கீழ்வரை மெதுவாக விட்டுக்கொண்டு போனது. உள்ளே சிவப்புக் கோடு போட்ட உள்ளாடையை அக்கராயன் முழுக்கப் பார்த்தது.

முதலில் யாரோ இருமினார்கள். பிறகு சனம் சிரித்த சிரிப்பில் கூரைத்தகரம் அதிர்ந்தது. வீரகத்தி இரண்டு கையாலும் பின்னால் பொத்திக்கொண்டு சுவரோடு சாய்ந்தார்.

"ஆராவது ஒரு சாரம் எடுத்துத் தாங்கோவன்!"

பிரேமிளா வரிசையை விட்டுப் போய் மூட்டைக்குள் கைவிட்டாள். முதலில் தட்டுப்பட்டது சாரம்தான். அதை விலத்திவிட்டு ஆழமாகத் துழாவினாள். சட்டத்தை மீறுவதில் வீரகத்திதான் அவளுக்குக் குரு. வெளியே வந்தது ரோசாப்பூப் போட்ட பெண்கள் கவுண் ஒன்று.

"இது பொம்பிளையளின்ரை! வேறை எடு பிள்ளை!"

"தெரிஞ்செடுக்க இது கடையோ அண்ணை? கைக்கு வந்ததுதான்."

அவரை அவள் அண்ணை என்று கூப்பிட்டது அதுதான் முதல்தடவை. வீரகத்திக்கு அப்போதுதான் எல்லாம் நினைவுக்கு வந்திருக்கவேண்டும், முகம் கறுத்தது. வேறு வழியில்லாமல் ரோசாப்பூவை இடுப்பில் சுற்றினார். வரிசையில் தனுஷா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எட்டு மாதத்துக்குப் பிறகு மகளின் சிரிப்பைக் கேட்டதும் பிரேமிளாவின் நெஞ்சு குளிர்ந்தது. பாவம் என்று ஒரு சொட்டும் தோன்றவில்லை.

திரும்பி நடக்கப் போனவள் நின்றாள். எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"சொல்ல மறந்துபோனன் அண்ணை. பெற்றோல், மண்ணெண்ணெய் படக்கூடாது."