இடது கை நண்டு

அக்ரகாஸ் நகரத்து மீன் சந்தையில் ஆற்று நண்டு விற்கிற மிக்காவிடம் ஐந்து நாளாக ஒரே ஆள் வந்து ஒற்றை நண்டு வாங்கிப் போனான். உயிரோடு இருக்க வேண்டும், ஒரு கால்கூட ஒடிந்திருக்கக் கூடாது. ஒற்றை நண்டை வைத்து யார் சமைப்பார்கள்? மிக்காவுக்கு மண்டை குடைந்தது.

"இருமலுக்கு இடிச்சுக் குடிக்கிறானோ என்னவோ," என்றாள் பக்கத்தில் விலாங்கு விற்கும் நன்னோ. "இல்லேன்னா பொண்டாட்டிய பயமுறுத்த."

"அஞ்சு நாளாவாடி பயப்படுவா?"

ஆறாம் நாள் கூடையை நன்னோவிடம் தள்ளிவிட்டு அவன் பின்னாலேயே போனாள். அவன் நுழைந்தது ஊர்க்காசு அடிக்கும் பட்டறைக்குள். அச்சு வெட்டுகிற சோசிஸ் அவன்தான்.

"ஏம்மா பின்னாடியே வர்றே?"

"நண்ட என்ன பண்றீங்கன்னு பாக்கணும்."

சிரித்துவிட்டு உள்ளே விட்டான். "நம்ம ஊர்க் காசுக்கு நண்டுதானே சின்னம். இதுவரைக்கும் பழைய அச்சப் பாத்துத்தான் வெட்டுனேன். இந்தத் தடவை நிசமான நண்டப் பாத்து வெட்ட ஆசை. சனியன், நிக்க மாட்டேங்குது. அஞ்சும் ஓடிப்போச்சு."

மிக்கா நண்டை மல்லாத்தி வயிற்றை மெல்லத் தடவினாள். பிறகு நிமிர்த்தி வைத்தாள். கல் மாதிரி கிடந்தது. சோசிஸ் வாயைப் பிளந்தான்.

அச்சு முடிந்ததும் அவளுக்கு ஆள் அனுப்பினான். பழுக்கக் காய்ந்த வெள்ளியைக் காசின் மறுபக்கத்துக்கான கழுகு அச்சின் மேல் வைத்து, அதன்மேல் நண்டு அச்சை நிறுத்திச் சம்மட்டியால் ஒரே போடு. சூடு ஆறியதும் மிக்கா காசைக் கையில் வாங்கினாள். கணுக்கணுவாக அப்படியே உயிர் நண்டு. ஆனாலும் ஏதோ இடறியது.

"இது நம்ம ஆத்து நண்டு இல்லீங்களே. நம்மதுக்குப் பெரிய கை வலது பக்கம்ல இருக்கும்?"

சோசிஸின் முகம் செத்துவிட்டது. அச்சில் வலது என்றால் காசில் இடது. நண்டைப் பார்த்த மயக்கத்தில் திருப்பி வெட்ட மறந்திருந்தான்.

"வெள்ளி சுத்தம், எடை சரி," என்றார் பட்டறை அதிகாரி. "நண்டு கைய எவன்யா பாக்கப்போறான்? அடிங்க!"

அடித்தார்கள். அதன்பின் சோசிஸ் சந்தைப் பக்கமே வரவில்லை. சும்மா இருந்திருக்கலாமோ என்று மிக்காவுக்கு உறுத்தியது. கூடவே இன்னொரு அரிப்பு: எல்லா நண்டுக்கும் வலதுதான் என்று தான் எண்ணியா பார்த்தோம்? ஆற்றில் தான் வைத்த கூண்டில் விழுந்த ஒவ்வொன்றையும் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். பன்னிரண்டாம் நாள் ஒன்று அகப்பட்டது. இடது கை தடித்திருந்தது. வலதில் புதிதாக முளைத்த சின்னக் கை. சண்டையில் வலது போக, இடது பெருத்திருக்கும் போல. ஈரக் கோரையில் சுற்றிக்கொண்டு பட்டறைக்கு ஓடினாள்.

"ஐயா! ஒங்க நண்டு ஆப்புட்டுருச்சு!"

சோசிஸ் அதைக் காசின் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தான்.

"அப்போ நான் பண்ணது தப்பில்லையா?"

"தப்புதான். அதே தப்பு ஆத்துலயும் இருக்கு."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். "எந்த மடுவுல கெடச்சுது?"

"பாலத்துக்குக் கீழ."

"இன்னும் இருக்குமோ?"

"தெரியலியே."

சோசிஸ் உளியைக் கீழே வைத்தான். இரண்டு பேரும் ஆற்றுக்குப் புறப்பட்டார்கள்.